பழைய ஜீப் வண்டிகளுக்கு மறைவு ஸ்விட்ச் காப்பு

பூட்டுக்குச் சாவி காவல் என்பது பொதுவான எண்ணம். ஆனால் பழைய ஜீப் வண்டியின் சாவி எதனையும் பூட்டுவதில்லை. அது டாஷ்போர்டிலுள்ள ஒரு மின்சார ஸ்விட்சைத் திருப்பும் கைப்பிடி மட்டுமே ஆகும். அந்த ஸ்விட்சின் வேலையை ஒரு முழ நீளக் கம்பியும் செய்துவிடும். இவ்வண்டிகள் எளிதில் களவாடப்படுவதற்கு முதற் காரணம் இதுவே. இக்குறையைச் சிறு செலவில் நீக்கும் வழிகளுள் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் மற்றொரு ஸ்விட்சை அமைத்து, வண்டியின் மின்சுற்றை உரியவர் மட்டுமே முழுமையாக்கும்படி செய்தலாகும். எனினும் அந்த ஸ்விட்சை எந்த இடத்தில் அமைப்பது என்பதை ஆராயாமல் அமைத்தால், கள்வனைத் தடுப்பதற்குப் பதிலாக அது ஓட்டுபவரையே மலைப்பாதையில் இடருக்கு உள்ளாக்கக் கூடும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியும் அதன் பின்னணியும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனத்தார் பெருந்தொகையாக ஜீப் வண்டிகளைச் செய்தனர். போர்முனையில் சாவி தொலைவது பெருந்தொல்லையாயிற்று. ஆகவே பின்னர் வந்த வண்டிகளில் சாவியே இல்லாத திருப்பு ஸ்விட்ச் வைக்கப்பட்டது. எவர் ஏறினாலும் உடனே ஓட்டிச் செல்ல வேண்டும் என்பதே அன்றைய தேவை. போர் முடிந்தபின் பொதுமக்களுக்கெனச் செய்யப்பட்ட ஜீப்புகளில் சாவி மீண்டும் இடம்பெற்றது. ஆயினும் உள்ளமைப்பு அவ்வளவாக மாறவில்லை.

இந்தியாவில் 1949ஆம் ஆண்டு பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை ஒருங்கு சேர்க்கத் தொடங்கினர். 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றாலே ஜீப் வண்டி நினைவுக்கு வரும் நிலை உண்டாயிற்று. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் படைகளுக்கெனச் செய்யப்பட்ட ஜோங்கா, 1985இல் விற்பனைக்கு வந்த மாருதி ஜிப்ஸி ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு செல்லாது என்ற விதி 2023 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு ஆகியவற்றுக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. எனவே பழைய ஜீப்புகள் இன்று பெரும்பாலும் விவசாயிகள், தோட்டக்காரர்கள், மலையூர் வாடகை ஓட்டிகள் முதலியோரிடமே உள்ளன. பேருந்து ஏறாத ஊரில் பாலும் காய்கறியும் சந்தைக்குச் செல்வதும், பேறுகாலப் பெண் மருத்துவமனைக்குச் செல்வதும் இத்தகைய ஒரே வண்டியில் நிகழ்தல் உண்டு. அங்கு ஒரு ஜீப் களவு போவது தனியொருவரின் இழப்பாக மட்டும் முடிவதில்லை.

புதிய கார்களில் சாவியினுள் ஒரு நுண்ணிய மின்னணுச் சில்லு உண்டு. அதன் குறியீட்டை வண்டியிலுள்ள கருவி அறிந்த பின்னரே எஞ்சின் இயங்கும். ஐரோப்பிய நாடுகளில் புதிய கார்களுக்கு இத்தகைய காப்பு 1998 முதல் கட்டாயமாயிற்று. பழைய ஜீப்புகளில் இது இல்லை. திசைச்சக்கரத்தைப் பூட்டும் அமைப்பும் பலவற்றில் இல்லை. மேற்கூரை துணியாலானது, கதவு இல்லாத வண்டிகளும் உண்டு.

சாவி செய்யும் வேலை யாது?

பழைய பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டாகும் முறையை முதலில் அறிதல் வேண்டும். பாட்டரியிலிருந்து மின்னோட்டம் சாவி ஸ்விட்சை அடைகிறது. அங்கிருந்து இக்னிஷன் காயில் எனப்படும் தூண்டு சுருளின் முதற்சுற்றுக்குச் செல்கிறது. அதனைக் கடந்து டிஸ்ட்ரிபியூட்டரினுள் உள்ள பாயிண்ட் எனப்படும் இரு தொடுமுனைகளின் வழியாக வண்டியின் உடலை, அதாவது எர்த்தை, அடைந்து சுற்று முடிவடைகிறது.

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்னோட்டம் அறுபடுகிறது, காந்தப்புலம் குலைகிறது, அதனால் காயிலின் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தோன்றிப் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. ஆகவே பொறி உண்டாவதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. காயிலுக்கு மின்னோட்டம் வருதல் வேண்டும்; அந்த மின்னோட்டம் உரிய கணத்தில் அறுபடுதலும் வேண்டும். இவ்விரண்டில் எதனைக் கெடுத்தாலும் எஞ்சின் ஓடாது. மறைவு ஸ்விட்சின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

கள்வன் முதல் நிபந்தனையை மட்டும் எளிதில் நிறைவேற்றிக் கொள்கிறான். பாட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு கம்பியைக் கொடுத்துவிட்டால், சாவி ஸ்விட்ச் இருந்தும் இல்லாததாகிறது. பட்டறைகளில் இதனை ‘டைரக்ட் கொடுத்தல்’ என்பர்.

தொடரில் அமைக்கும் ஸ்விட்ச்

பலரும் முதலில் எண்ணும் முறை, சாவி ஸ்விட்சுக்கும் காயிலுக்கும் இடையேயுள்ள கம்பியை வெட்டி, அங்கு மறைவு ஸ்விட்சைத் தொடராக இணைத்தலாகும். இது எளிது, சாவி ஸ்விட்சின் பின்புறக் கம்பிகளை மட்டும் இணைத்துப் பார்க்கும் கள்வனை இது தடுக்கும். ஆனால் பானெட்டைத் திறந்து காயிலுக்கு டைரக்ட் கொடுப்பவனை இது தடுக்காது. அவன் இரண்டு ஸ்விட்சுகளையும் ஒருங்கே தாண்டிவிடுகிறான்.

இதில் மற்றொரு குறையும் உண்டு. வண்டி ஓடும்போது காயிலின் மின்னோட்டம் முழுவதும் இந்த ஸ்விட்சின் வழியே செல்ல வேண்டும். 12 வோல்ட் அமைப்பில் இது ஏறத்தாழ 3 முதல் 4 ஆம்பியர் வரை இருக்கும். மலிவான ஸ்விட்சின் முனை தேய்ந்தாலோ, இணைப்புத் தளர்ந்தாலோ எஞ்சின் ஓட்டத்தின் நடுவே நின்றுவிடும்.

எர்த்துடன் இணைக்கும் ஸ்விட்ச்

இரண்டாம் நிபந்தனையைக் கெடுப்பது இதனினும் நுட்பமான முறையாகும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் கம்பியிலிருந்து ஒரு கிளைக்கம்பி எடுத்து, மறைவு ஸ்விட்சின் வழியாக எர்த்துடன் இணைக்கின்றனர். ஸ்விட்ச் மூடியிருக்கும்போது பாயிண்ட் திறந்தாலும் மின்னோட்டம் இக்கிளையின் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் அறுபடாததால் பொறி பிறப்பதில்லை.

இம்முறையின் சிறப்பு யாதெனில், காயிலுக்கு டைரக்ட் கொடுத்தாலும் பயனில்லை என்பதாகும். கள்வன் காயிலில் மின்சாரம் இருப்பதைக் காண்பான். எஞ்சின் சுழல்வதையும் கேட்பான். ஆயினும் எஞ்சின் பற்றாது. பழைய வண்டியில் கோளாறு என்று கருதி விட்டுவிட இடமுண்டு. மேலும், வண்டி ஓடும்போது இந்த ஸ்விட்ச் திறந்த நிலையில் இருப்பதால் அதன் வழியே மின்னோட்டம் செல்வதில்லை. அதன் இணைப்புத் தளர்ந்தாலும் எஞ்சின் நிற்காது. ஆனால் கிளைக்கம்பியின் உறை தேய்ந்து இரும்பைத் தொட்டால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே அக்கம்பிக்கு நல்ல உறை இன்றியமையாதது.

ஒன்றை மறத்தலாகாது. மறைவு ஸ்விட்ச் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் திருப்பி வைத்தால் காயில் சூடேறிக் கெடும். மேலும் இம்முறை பாயிண்ட் உள்ள பழைய எஞ்சின்களுக்கு மட்டுமே உரியது. மின்னணு இக்னிஷன் அல்லது கணிப்பொறிக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் இதனைச் செய்தல் ஏற்றதன்று.

ஸ்டார்ட்டர் சுற்று

பட்டறைகளில் ‘செல்ஃப்’ என வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கும். எனவே அதன் தடித்த கேபிளில் சிறு ஸ்விட்சை வைத்தல் கூடாது; வைத்தால் அது உருகித் தீப்பற்றும். சாலினாய்டு உள்ள வண்டிகளில், அதற்குக் கட்டளை கொண்டு செல்லும் மெல்லிய கம்பியில் ஒரு ரிலேயைத் தொடராக அமைக்கின்றனர். அந்த ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டும் மறைவு ஸ்விட்சின் வழியே செல்லும். அது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஆதலால் மெல்லிய கம்பியும் சிறிய ஸ்விட்சும் போதும்; அவற்றை மறைப்பதும் எளிது.

இம்முறையின் தலையாய நன்மை பாதுகாப்பேயாகும். ஓடும் எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை. எனவே இந்த ஸ்விட்ச் பழுதடைந்தாலும், தவறுதலாகக் கை பட்டாலும், ஓட்டத்தில் எஞ்சின் நிற்காது. மறுமுறை கிளப்பும்போதுதான் குறை தெரியும். அப்போது வண்டி நிலையாக நிற்கும்.

இதன் குறை, வண்டியைத் தள்ளிக் கிளப்பலாம் என்பதாகும். இறக்கத்தில் நிறுத்திய வண்டியைத் தள்ளிக் கிளப்ப ஓர் ஆளே போதும். சாலினாய்டின் முனைகளை நேராக இணைத்தும் செல்ஃபைச் சுழற்றலாம். ஆகவே ஸ்டார்ட்டர் காப்பு ஒன்றே போதாது. எர்த் ஸ்விட்சுடன் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். காலால் மிதித்து இயக்கும் ஸ்டார்ட்டர் உள்ள மிகப் பழைய வண்டிகளில் மெல்லிய கட்டளைக் கம்பி இல்லை. அவற்றுக்குப் பாட்டரித் துண்டிப்பே தக்கது.

பாட்டரித் துண்டிப்பு

பாட்டரியின் எர்த் கேபிளில், ஸ்டார்ட்டரின் முழு மின்னோட்டத்தையும் தாங்கவல்ல ஒரு கனத்த ஸ்விட்சை அமைக்கலாம். கைப்பிடியைக் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய வகை கடைகளில் கிடைக்கிறது. இதனால் களவுக் காப்போடு வேறு இரு நன்மைகளும் உண்டு. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் பாட்டரி வீணாகக் கசியாது. பழங்கம்பிகள் உரசித் தீப்பிடிக்கும் அபாயமும் நீங்கும். ஆனால் எஞ்சின் ஓடும்போது இதனைத் திருப்பலாகாது. ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து அதிலுள்ள டயோடுகள் சிதைந்துவிடும்.

எரிபொருள் குழாயும் டீசல் எஞ்சினும்

பெட்ரோல் குழாயில் மறைவாக ஓர் அடைப்புக் குழாய் வைப்பதும் உண்டு. அடைத்த பின்னரும் கார்புரேட்டரில் எஞ்சிய பெட்ரோலைக் கொண்டு வண்டி சிறிது தொலைவு ஓடும். பின்னர் நடுவழியில் நின்றுவிடும். இணைப்புகளில் கசிவு ஏற்பட்டால் தீ விபத்து நேரும் என்பதால், தேர்ந்த மெக்கானிக் அன்றி வேறெவரும் இவ்வேலையைச் செய்தல் கூடாது.

டீசல் ஜீப்பில் நிலைமை வேறு. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை; அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றுகிறது. ஆகவே காயிலும் இல்லை; அதனைச் சார்ந்த காப்பும் இல்லை. இன்ஜெக்ஷன் பம்பில் மின்சார அடைப்பு வால்வு உள்ள வண்டிகளில், அதற்குச் செல்லும் கம்பியை மறைவு ஸ்விட்ச் துண்டிக்கலாம். மின்சாரம் இல்லையேல் வால்வு மூடிக்கொள்ளும், எஞ்சின் ஓடாது. கையால் இழுத்து நிறுத்தும் கேபிள் மட்டுமே உள்ள பழைய பம்புகளில் இம்முறை இயலாது. அவற்றுக்கு ஸ்டார்ட்டர் காப்பும் பாட்டரித் துண்டிப்புமே துணை. தள்ளிக் கிளப்பினால் இவ்வகை எஞ்சின் மின்சாரமே இன்றி ஓடும் என்பதை உரியவர் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஓட்டத்தில் நிற்கும் அபாயம்

ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் வண்டி பின்னோக்கி உருளும். வெற்றிட உதவியால் இயங்கும் பிரேக் உள்ள வண்டிகளில், எஞ்சின் நின்ற பின் ஓரிரு முறை மிதித்ததும் அந்த உதவி தீர்ந்துவிடும். அதன்பின் பிரேக்கை மிக அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். எனவே கீழ்க்காணும் விதிகள் கடைப்பிடிக்கத் தக்கவை.

1. ஓடும் எஞ்சினை நிறுத்தக்கூடிய எந்த ஸ்விட்சும் முழங்காலோ, பயணியின் கையோ, மூட்டையோ தற்செயலாகப் படும் இடத்தில் இருத்தலாகாது.

2. ஸ்விட்ச் தாங்கும் மின்னோட்டம், அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தைப் போல் இருமடங்கேனும் இருத்தல் நன்று.

3. மின்சாரம் கொண்டுவரும் புதிய கம்பி ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ் வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இடுதல் வேண்டும். புகைபோக்கிக் குழாயின் அருகே கம்பியைக் கொண்டு செல்லுதல் கூடாது.

4. முறுக்கி ஒட்டிய இணைப்பு, குலுங்கும் வண்டியில் நில்லாது. ஈயப்பற்று வைத்தோ, அழுத்து முனை கொண்டோ இணைத்து, பழைய கம்பிகளின் கட்டோடு சேர்த்துக் கட்டுதல் வேண்டும். புதிய நிறக் கம்பி தனியே தெரிந்தால் அதுவே கள்வனுக்கு வழிகாட்டும்.

5. திறந்த ஜீப்பில் மழையும் சேறும் உட்புகும். ஆதலின் நீர் தேங்கும் தரைப்பகுதியில் ஸ்விட்ச் வைத்தலாகாது.

இடத்தைத் தேர்வதில் ஒரு பொது நெறி உண்டு. ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்தவாறே, குனியாமல், பிறர் அறியாமல் தொடக்கூடிய இடமே நல்ல இடம். ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறக்க வேண்டியிருந்தால், பத்து நாட்களில் சலிப்புத் தட்டி ஸ்விட்ச் பயன்படாமல் போய்விடும். நாள்தோறும் பயன்படாத காப்பு காப்பாகாது. முன்னரே பயனற்றுக் கிடக்கும் பழைய விளக்கு ஸ்விட்ச் ஒன்றையே இவ்வேலைக்கு மாற்றுவதும் உண்டு. எல்லோர் கண்ணிலும் பட்டும் எவரும் ஐயுறாத மறைவு அது.

இரகசியமும் அளவோடு இருத்தல் வேண்டும். உரியவர் ஊரில் இல்லாதபோது நோயாளியை ஏற்றிச் செல்ல வண்டி தேவைப்படலாம். ஆகவே வீட்டார் ஒருவருக்கேனும் ஸ்விட்சின் இடம் தெரிந்திருத்தல் நலம். அதன் மின்சுற்றுப் படத்தை வண்டியில் வைக்காமல் வீட்டில் வைத்தல் வேண்டும். வண்டியைப் பட்டறையில் விடும்போதும், பிறருக்கு விற்கும்போதும் இதனைத் தெரிவித்தல் கடமையாகும். அறியாத மெக்கானிக் இல்லாத கோளாற்றைத் தேடிப் பல பாகங்களைக் கழற்றிவிடுவார்.

மின்சாரம் தொடாத காப்புகள்

1940இல் பிரிட்டனில், பகைவர் இறங்கினால் வண்டிகள் அவர்கள் கையில் சிக்காதிருக்க, நிறுத்திய வண்டியை இயங்காமல் செய்துவிட்டே செல்ல வேண்டும் என்று அரசு பணித்தது. அன்று பலர் கையாண்ட வழி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டார் எனும் சிறு பாகத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதாகும். கம்பியும் வேண்டாம், செலவும் இல்லை. நெடுநாள் நிறுத்தப்படும் பெட்ரோல் ஜீப்புக்கு இவ்வழி இன்றும் பொருந்தும்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் நெம்புகோலை நியூட்ரலில் விட்டால், எஞ்சின் ஓடினாலும், கியர் போட்டாலும் வண்டி நகராது. இதனை அறியாத கள்வன் திகைப்பான். ஆனால் இந்நிலையில் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது என்பதை மறத்தலாகாது. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத் தண்டைப் பிடிக்கிறது. அதில் எண்ணெய் கசிந்திருந்தால் பிடிப்புக் குறையும். எனவே சரிவான இடத்தில் இம்முறையைத் தவிர்த்தலும், சமதளத்திலும் சக்கரத்துக்குக் கட்டை வைத்தலும் வேண்டும்.

எந்த மறைவு ஸ்விட்சும் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வதைத் தடுக்காது. அதற்குச் சக்கரப் பூட்டும், திசைச்சக்கரத்தையும் பெடலையும் பிணைக்கும் சங்கிலியும், வெளிச்சமான நிறுத்துமிடமுமே காவல். சேஸிஸ் எண், எஞ்சின் எண், வண்டியின் தனி அடையாளங்கள் ஆகியவற்றைப் படத்துடன் குறித்து வீட்டில் வைத்திருந்தால், களவு நேரின் காவல் நிலையத்திலும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலும் காலம் வீணாகாது.

வகுப்பறையில் விளக்க ஒரு சோதனை

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். 6 வோல்ட் பாட்டரி ஒன்று, அதே வோல்ட்டுக்குரிய சிறு பல்புகள் இரண்டு, ஸ்விட்சுகள் இரண்டு, சில கம்பிகள் ஆகியவை போதும்.

முதலில் பாட்டரி, இரண்டு ஸ்விட்சுகள், ஒரு பல்பு ஆகியவற்றைத் தொடராக இணைக்கவும். இரண்டு ஸ்விட்சுகளும் மூடினால் மட்டுமே பல்பு எரியும். சாவியும் தொடர் மறைவு ஸ்விட்சும் இவ்வாறே. பின்னர், இரு ஸ்விட்சுகளையும் திறந்துவிட்டு, பாட்டரியிலிருந்து பல்புக்கு நேராக ஒரு கம்பியைத் தொடவும். பல்பு எரியும். டைரக்ட் கொடுத்தல் என்பது இதுவே.

அடுத்து, இரண்டு பல்புகளைப் பாட்டரியுடன் தொடராக இணைத்து, ஒரு ஸ்விட்சை இரண்டாம் பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைக்கவும். ஸ்விட்ச் திறந்திருக்கையில் இரண்டும் மங்கலாக எரியும். ஸ்விட்சை மூடினால் முதற்பல்பு பிரகாசமாக எரியும், இரண்டாவது அணைந்துவிடும். மின்னோட்டம் நிற்கவில்லை, வேறு வழி கிடைத்ததால் இரண்டாம் பல்பை விட்டு விலகிற்று. எர்த் ஸ்விட்ச் மூடியிருக்கும்போது மின்னோட்டம் பாயிண்டை விட்டு விலகுவதும் இவ்வாறே. முதற்பல்பை காயிலாகவும், இரண்டாவதைப் பாயிண்டாகவும் கொண்டு மாணவர் இதனை உணரலாம். இரண்டாம் பல்பு இன்றி ஒரே பல்பின் குறுக்கே ஸ்விட்சை இணைத்தால் பாட்டரியே குறுக்குச் சுற்றாகிச் சூடேறும். அதனை ஆசிரியர் தடுத்தல் வேண்டும்.

முடிவாகக் கூறுமிடத்து, பாயிண்ட் உள்ள பெட்ரோல் ஜீப்புக்கு ரிலேயுடன் கூடிய ஸ்டார்ட்டர் காப்பும் எர்த் ஸ்விட்சும் இணைந்த அமைப்புத் தக்கது. டீசல் ஜீப்புக்கு ஸ்டார்ட்டர் காப்பும் எரிபொருள் வால்வுக் காப்பும் தக்கவை. இரண்டுக்கும் ஒரு சங்கிலியும் வேண்டும். எக்காப்பும் கள்வனை என்றென்றும் தடுத்துவிடாது; அவன் வேலையை நீட்டித்து, அவனுக்குக் கிடைக்கும் நேரத்தைப் போதாததாக்குகிறது. இரவில் நிறுத்திய வண்டியருகே ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்க நேர்வதே கள்வன் பெரிதும் அஞ்சுவது. அந்த ஐந்து நிமிடத்தை, ஓட்டுபவரின் உயிருக்கு ஊறு நேராத வகையில் பெற்றுத் தருவதே நல்ல மறைவு ஸ்விட்சின் இலக்கணமாகும்.